ஆறாவது காம்பரா

தேயிலைத் தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்தில் ஆறு காம்பரா. அரசாங்கப் பட்டியலில் ஐந்து வீடு. இந்த ஒன்றைச் சரிப்படுத்த நான் அலைந்த அலைச்சல் இருக்கிறதே, புயல் மழை கொட்டிய மூன்று நாளில்கூட நான் அவ்வளவு களைக்கவில்லை. விட்டுப்போன அந்த ஆறாவது காம்பராவில்தான் நானும் வீட்டுக்காரரும் மகளும் இருந்தோம்.

நான் எப்படிப்பட்டவள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் லயத்து ஆட்கள் கொஞ்சம் கூட்டிச் சொல்லுவார்கள். பயந்த சுபாவம். பதுளைக்குப் போகிற பஸ்ஸில் ஏறினால் டிரைவர் கண் விழித்திருக்கிறாரா என்று எட்டிப் பார்ப்பேன். வானம் இருட்டினால் ஐடென்டி கார்டையும் மகளின் சர்டிபிகேட்டையும் பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொள்வேன். ஆறாம் வகுப்போடு நின்றவள். தம்பி தங்கச்சிகளைப் பார்க்க ஆள் இல்லை என்று நிறுத்தினார்கள், அப்புறம் கொழுந்து எடுக்கப் போனேன், அவ்வளவுதான் படிப்பு. தமிழ் வாசிப்பேன், ஆனால் எழுத்துக் கூட்டி மெதுவாகத்தான். பின்னால் ஆள் நின்றால் அதுவும் வராது.

வெடிப்பை முதலில் பார்த்தவளும் நான்தான். புயலுக்கு இரண்டு மழைக்காலம் முந்தியே சமையல் கட்டான குசினிச் சுவரில், கூரைத் தகரத்திலிருந்து தரைவரைக்கும் ஒரு கோடு. மகள் படுக்கிற கட்டில் அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம். ஒரு தீக்குச்சியை எடுத்துச் செருகிப் பார்த்தேன், போகவில்லை. ஆறு மாதம் கழித்துச் செருகினேன், போனது. மகளின் சோக்கட்டியால் பக்கத்திலேயே தேதியை எழுதி வைத்தேன். அடுத்த வருஷம் இரண்டு குச்சி சேர்ந்து போனது. கணக்கப்பிள்ளையிடம் சொன்னேன், சங்கத் தலைவரிடம் சொன்னேன். "பழைய லயம்னா வெடிக்காம பூக்கவா செய்யும்?" என்று தலைவர் கேட்டார். பக்கத்துக் காம்பராவில் இருக்கும் நாத்தனார், என் வீட்டுக்காரரின் தங்கச்சி, அவள் வாய் சும்மாவா இருக்கும். "அண்ணிக்கு வானத்துலயும் வெடிப்புத் தெரியும்" என்றாள். வீட்டுக்காரர் வழக்கமாகச் சொல்லும் ஒரே வார்த்தையைச் சொன்னார். "விடு புள்ள."

எதற்கெடுத்தாலும் அவருக்கு அந்த வார்த்தைதான். பீலியில் தண்ணீர் வரவில்லையா, விடு. கூரை ஒழுகுதா, விடு. இருபத்து மூன்று வருஷமாக நான் விட்டுக்கொண்டே வந்திருக்கிறேன்.

அப்புறம் அந்த மழை. மூன்று நாள் இடைவெளியே இல்லாமல் ஊற்றியது. மூன்றாம் நாள் காலையில், மற்ற நாளாக இருந்தால் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குக் கூப்பிடுகிற நேரம், நான் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். பின்னால் பெரிய லொறி ஒன்று ஏற்றம் ஏறுவதுபோல் சத்தம். எங்கள் லயத்துக்குப் பின்னால் லொறி ஏறுவதற்கு ரோடே கிடையாது. வெளியே வந்து பார்த்தால் மேலே இருந்த தேயிலைச் செடிகள் நின்றபடியே இறங்கி வருகின்றன. சாயவில்லை, விழவில்லை, யாரோ பாயோடு சேர்த்து இழுப்பதுபோல் வரிசை கலையாமல் வந்தன. முதல் இரண்டு காம்பராவின் குசினிகளை மண் மூடிவிட்டது. மற்ற நான்கும் நின்றன, ஆனால் எல்லாச் சுவரும் பிளந்துவிட்டது. மாவுக் கையோடு மகளை இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். எங்கள் லயத்தில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தோட்டத்தின் மேல் டிவிஷனில் ஒரு லயமே ஆட்களோடு போய்விட்டது. அதைப் பற்றி நான் இங்கே சொல்லப் போவதில்லை. சொன்னால் என் கோபம் ரொம்பச் சின்னதாகிவிடும். ஆனாலும் அது என் கோபம், எனக்கு அது வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு அறை எங்கள் லயத்துக்கு. மேசைகளை அடுக்கி மறைப்புக் கட்டினோம். சாமான்கள் வந்தன, வரவில்லை என்று சொன்னால் பாவம். ஆனால் எங்கிருந்துதான் யோசித்து அனுப்புவார்களோ தெரியாது. குதி உயர்ந்த செருப்பு ஒரு மூட்டை. கல்யாணத்துக்குப் போடும் கோட்டு ஒன்று. அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு வீட்டுக்காரர் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போனார். "தொரை வர்றாரு, எந்திரிங்க" என்று நாத்தனார் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மண் சரிந்த பிறகு அன்றைக்குத்தான் முதல் தடவை.

சாமான் கொடுத்தவர்கள் படம் எடுத்தார்கள். படம் எடுக்காதவர்கள் போம் தாள் நிரப்பினார்கள். எத்தனை பேர், என்ன வயசு, என்ன போச்சு. ஒரே நாளில் மூன்று கூட்டம் வந்து ஒரே கேள்வியைக் கேட்டது. முதல் ஆளிடம் மூன்று பேர் என்று சொன்னேன். இரண்டாவது ஆளிடமும் சொன்னேன். மூன்றாவது ஆளிடம் "காலையில மூணு பேருங்க, இப்பவும் மூணு பேருதான்" என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்கு உடனே பயம் வந்துவிட்டது. இவர் ஏதாவது மாற்றி எழுதிவிடுவாரோ என்று அன்று முழுக்க அதே யோசனை. கடைசியில் அவருடைய போமால் ஒன்றும் ஆகவில்லை. மரியாதையாக, பவ்வியமாகப் பதில் சொன்னேனே, அந்தப் போம்தான் என்னைக் கவிழ்த்தது.

அதை நிரப்பியது பிரதேச செயலகத்திலிருந்து வந்த ஒரு மிஸ். சிங்களப் பிள்ளை, இருபத்தைந்து வயதுகூட இருக்காது, சேற்றில் நடந்து நடந்து சப்பாத்தின் நிறமே தெரியவில்லை. படித்துக் கற்றுக்கொண்ட தமிழ், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசியது. எனக்கு அந்தப் பிள்ளையைப் பிடித்துப்போனது. அதுதான் சொல்கிறேன், பிடித்துப்போன இடத்தில்தான் தப்பு நடக்கும்.

"அம்மா, உங்கட வீடு முழுக்க உடைஞ்சதா, பாதியா?"

உங்கட வீடு என்று கேட்டதும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. லயம் கம்பெனியுடையது. நாங்கள் வேலை செய்கிறவரைக்கும் இருக்கலாம், அவ்வளவுதான். நாளைக்கு ஒருத்தர் வந்து, இது உன் வீடா, உறுதிப் பத்திரம் எங்கே என்று கேட்டால் எங்கே போவேன்? அரசாங்கத் தாளில் பொய் சொன்னவள் என்று பேர் வந்துவிடுமே. அதனால் உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

"வீடு இல்லீங்க மிஸ். எங்களுக்கு வீடு கெடையாது. காம்பராதான்."

"காமரய?"

"ஆமாங்க, காம்பரா."

"ஒரு காமரயதானா?"

"ஒன்னுதாங்க மிஸ்."

"பக்கத்துல யாரு?"

"எங்க வீட்டுக்காரரோட தங்கச்சிங்க."

"ஒரே குடும்பம்?"

"ஒரே குடும்பந்தாங்க. சொந்தந்தானே."

மிஸ் தலையை ஆட்டிக்கொண்டே சிங்களத்தில் எழுதியது. போமில் தமிழிலும் சின்ன எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். வாசித்துப் பார்த்திருக்கலாம். பின்னால் பதினைந்து பேர் வரிசையில் நின்றார்கள். எழுத்துக் கூட்டி வாசிப்பதை இத்தனை பேர் பார்க்க வேண்டுமா என்று வெட்கப்பட்டுக் கையெழுத்தைப் போட்டுவிட்டேன்.

நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அதுதான் இன்றைக்கும் எனக்குத் தாங்கவில்லை.

பத்து நாள் கழித்துப் பட்டியலைப் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டினார்கள். எல்லோரும் ஓடினார்கள். நான் ஓடவில்லை. நல்ல செய்தியாக இருந்தால் அது என்னைத் தேடி வரட்டும், கெட்ட செய்தி எப்படியும் வரும் என்று மூட்டைமேல் உட்கார்ந்திருந்தேன். நாத்தனார் வந்தாள். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, வாயில் ஏதோ இனிப்பை அடக்கிக்கொண்டு வருகிறாள்.

"அண்ணி, ஒரு சேதி. நீங்க எங்க வூட்டு ரூமுல குடியிருக்கீங்களாம்."

"என்னாடி சொல்ற?"

"லிஸ்டுல அப்படித்தான் இருக்கு. அஞ்சாம் நம்பர் வீடு எங்களோடது. அதுல ஒரு ரூமு, அதுல நீங்க மூணு பேரு. இத்தன வருஷமா எங்க வூட்டுல இருந்துருக்கீங்க, ஒரு வார்த்த சொல்லலியே."

சிங்களத்தில் காமரய என்றால் ஒரு வீட்டுக்குள் இருக்கும் அறை. நான் காம்பரா என்று சொன்னதை மிஸ் அப்படித்தான் எடுத்துக்கொண்டது. வீடு இல்லாதவர்கள், சொந்தக்காரர் வீட்டில் ஒரு அறையில் ஒண்டிக்கொண்டு இருக்கிறார்கள். அப்படி எழுதிவிட்டது.

"அப்ப மத்தவங்க எல்லாம் என்னான்னு சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"வீடு போச்சு மிஸ், வீடு போச்சு மிஸ்னு அழுதாங்க. நானும் அழுதேன். நீங்க ஒருத்திதான் அங்க போயி அகராதி படிச்சிருக்கீங்க."

ஆறு காம்பரா ஆட்களும் ஒரு நாளும் அதை வீடு என்று சொன்னதில்லை. காம்பராவுக்குப் போறேன், காம்பராவைக் கூட்டணும், காம்பராவில் யாரும் இல்லை. பிறந்ததிலிருந்து அப்படித்தான் பேச்சு. இடிந்த அன்றைக்கு மட்டும் எல்லோருக்கும் எப்படி வீடு என்ற வார்த்தை ஞாபகம் வந்ததோ தெரியவில்லை. எனக்கு வரவில்லை.

சரி, பட்டியல்தானே, திருத்தலாம் என்று இருந்தால், அடுத்த நாளே மண்சரிவைப் பார்க்கும் இன்ஜினியரும் இன்னொருத்தரும் வந்தார்கள். கையில் அதே பட்டியல். லயத்துக்குப் போய் ஐந்து கதவில் சிவப்புப் பெயிண்டால் பெருக்கல் அடையாளம் போட்டு நம்பரும் எழுதினார்கள். சிவப்புப் போட்ட கதவுக்குள் இனி யாரும் இருக்கக்கூடாது. அவர்களுக்குத் தற்சமயம் இருக்க இடமும், பிறகு வேறு காணியில் வீடும். ஐந்து எழுதியிருந்தது, ஐந்து போட்டாயிற்று, போய்விட்டார்கள். நான் மூச்சு வாங்க இறங்கிப் போனபோது ஐந்து கதவிலும் பெயிண்ட் ஈரமாக வழிந்துகொண்டிருந்தது. எங்கள் நீலக் கதவு மட்டும் சுத்தமாக இருந்தது. மற்றவர்கள் கதவில் இருந்த அந்தச் சிவப்பைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. இப்படி ஒரு பொறாமை வரும் என்று யாராவது முன்னால் சொல்லியிருந்தால் காறித் துப்பியிருப்பேன்.

கிராம சேவகரிடம் போனேன். அவர் மேசையில் கொழுந்துபோல் தாள் குவிந்திருந்தது. "சிவப்பு இல்லாத வீட்டுக்காரங்க திரும்பிப் போகலாம்னுதான் எங்களுக்குச் சொல்லியிருக்கு. ஸ்கூல் தொடங்கப் போகுது, எடத்தைக் குடுக்கணும்" என்றார்.

"அதுல வெடிப்பு இருக்குங்க ஐயா. எங்க மக படுக்கிற செவுரு."

"லிஸ்ட மாத்துற அதிகாரம் எனக்கு இல்ல. தோட்டத்து ஆபீஸ்ல ஒரு கடிதம் வாங்கிட்டு செயலகத்துக்குப் போங்க. இது தனிக் குடும்பம், தனி வீடுன்னு எழுதிக் கேளுங்க."

தோட்டத்து ஆபீசில் பெரிய கிளாக்கரைப் பிடிக்க மூன்று நாள். நல்ல மனுஷன், முகம் சுளிக்காமல் இங்கிலீஷில் டைப் அடித்து சீல் குத்திக் கொடுத்தார். அதைப் பொலித்தீனில் சுற்றி, ஐடென்டி கார்டோடு இடுப்பில் செருகி, காலை ஐந்தரை பஸ்ஸுக்கு நின்றேன். பஸ் பாதிவழிதான் போகும். ரோடு போன இடத்தில் இறங்கி, சேற்றில் போட்டிருந்த பலகைமேல் நடந்து, அந்தப் பக்கம் நிற்கிற வேறு பஸ்ஸில் ஏற வேண்டும். கீழே பார்த்தால் தண்டவாளம் மண்ணில்லாமல் அந்தரத்தில் தொங்குகிறது. பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். பலகை நடுவில் நின்றுவிட்டேன். பின்னால் வந்த ஒரு கடைக்கார முதலாளி, தொப்பி போட்ட பெரியவர், "நடம்மா, நீ நிண்டாத்தான் பலகை ஆடும்" என்றார். அவர் பேச்சுக்காக நடந்தேன்.

செயலகத்தில் ஒன்றாம் ஜன்னல் நாலாம் ஜன்னலுக்கு அனுப்பியது. நாலாம் ஜன்னல் மேல்மாடிக்கு அனுப்பியது. மேல்மாடியில் ஒரு ஐயா கடிதத்தை வாசித்து என்னைப் பார்த்தார். தமிழ் ஆள்தான்.

"இதுல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா அம்மா?"

"தெரியாதுங்க. இங்கிலீசு."

"லைன் ரூம் நம்பர் ஆறுன்னு எழுதியிருக்கு. ரூம். நாங்களும் ரூம்னுதானே போட்டிருக்கோம். சரியாத்தானே இருக்கு?"

எனக்கு அந்த இடத்தில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது. சிங்களத்தில் அறை, இங்கிலீஷில் அறை, நாங்கள் பேசுகிற தமிழிலும் காம்பரா. எந்தப் பாஷையில் போனாலும் எங்களுக்கு வீடு இல்லை.

திரும்ப அதே இரண்டு பஸ், அதே பலகை. திரும்பக் கிளாக்கர்.

"ஐயா, ரூம்னு போடாம வீடுன்னு போட்டுத் தாங்கய்யா."

"அம்மா, புத்தகத்துல லைன் ரூம்னுதான் இருக்கு. எனக்கு முந்தி இருந்தவரு அப்படித்தான் எழுதினாரு, அவருக்கு முந்தி இருந்தவரும் அப்படித்தான். நான் வீடுன்னு எழுதினா, யாரு அவங்களுக்கு வீடு குடுத்ததுன்னு கம்பெனி என்னைக் கேக்கும்."

"நானும் அதுக்குப் பயந்துதாங்க வீடுன்னு சொல்லல."

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அப்ப உங்களுக்கு நான் என்ன சொல்றது" என்றார். உண்மையிலேயே கேட்டார்.

பள்ளிக்கூடத்துக்கு வந்து சொன்னால் வீட்டுக்காரர் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, "விடு புள்ள. எழுதினத மாத்த மாட்டாங்க. செவுருதான் நிக்குதே" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில், "உங்க கட்டிலத் தூக்கி அந்தச் செவுத்தோரம் போடுங்க, நீங்க படுங்க" என்றேன். அவர் மெல்லுவதை நிறுத்திவிட்டார். மறுநாள் சத்தமில்லாமல் கோயில் பக்கம் போய், திருவிழாவுக்குச் சுவரில் பட்டை அடித்து மிச்சமான பெயிண்ட் டின் ஒன்றையும் ஒரு பிரஷையும் கொண்டுவந்தார்.

"என்னாங்க இது?"

"நம்ம கதவுலயும் ஒரு பெருக்கல் போட்டா முடிஞ்சிச்சு."

"அது காவிங்க. சிவப்பு இல்ல."

"மழையில மங்கிருச்சுன்னு சொல்லலாம்."

"அரசாங்கப் பெயிண்டக் கள்ளத்தனமாப் போட்டா உள்ள தூக்கிப் போடுவாங்க." பிரஷைப் பிடுங்கி என் மூட்டைக்குள் ஒளித்து வைத்தேன். ஆனாலும் விடு என்று சொல்லாமல் அந்த மனுஷன் செய்த முதல் காரியம் அது. அதை ஒரு பக்கம் குறித்து வைத்துக்கொண்டேன்.

மறுபடியும் செயலகத்துக்குப் புறப்பட்டபோது நாத்தனார் தானாகவே சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். கல்யாணத்துக்கு முந்திப் பதுளை பஜாரில் துணிக்கடையில் நின்றவள், சிங்களம் தண்ணீர்பட்ட பாடு.

"நீ எதுக்குடி வர்ற?"

"பின்ன? இந்த லிஸ்டுப்படி நமக்கு ஒரு வீடு குடுத்தா நாங்க ஆறு, நீங்க மூணு, ஒம்பது பேரு ஒன்னா இருக்கணும். நீங்க ராவெல்லாம் முழிச்சு உக்காந்து மழையப் பத்திப் பேசுவீங்க. என்னால முடியாது சாமி."

பலகையில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அன்றைக்கு அந்த மிஸ் மேல்மாடியில் இருந்தது. என்னை அடையாளம் தெரிந்தது. நாத்தனார் மூச்சு விடாமல் சிங்களத்தில் கொட்டினாள். நடுவில் எனக்காகத் தமிழிலும் சொன்னாள். "அவங்க அடுப்பு வேற, எங்க அடுப்பு வேற மிஸ். அவங்க வைக்கிற ரசத்த எங்க வூட்டு நாய்கூடக் குடிக்காது. அப்புறம் எப்படி ஒரே வீடு?"

மிஸ் பேனாவைக் கீழே வைத்தது.

"அடுப்பு வேற, கதவு வேற?"

"எல்லாம் வேறதாங்க," என்றேன். "முன்னால இஸ்தோப்பு, நடுவுல காம்பரா, பின்னால குசினி. அது மொத்தமும் சேத்துத்தான் காம்பராம்போம்."

"அப்ப காம்பரா எண்டா வீடு."

"எங்களுக்கு அதுதாங்க வீடு."

"பிறகு ஏன் அம்மா அண்டைக்கு வீடு இல்ல எண்டு சொன்னீங்க?"

என்ன சொல்வேன்? "எங்களோடது இல்லியே மிஸ்" என்றேன். திட்டப் போகிறது என்று நினைத்தேன். திட்டவில்லை. "இன்ஜினியரோட நான் வாறன். பார்க்காம மாத்த ஏலாது" என்றது.

எப்போது என்று சொல்லவில்லை. ஒரு வாரம் போனது. பள்ளிக்கூடம் தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது ஹெட்மாஸ்டர் வந்து கையைப் பிசைந்துகொண்டே, பிள்ளைகளுக்கு அறையைக் கழுவி வைக்க வேண்டும் என்றார். ஐந்து குடும்பத்தையும் மூடிக்கிடந்த பழைய தேயிலை ஸ்டோருக்கு அனுப்பினார்கள். அங்கேயும் பட்டியல்தான், பேரைக் கூப்பிட்டு உள்ளே விட்டார்கள். குடும்பத்துக்கு ஒரு தடுப்பு, எங்களுடைய பேர் நாத்தனாருடைய தடுப்புக்குள் வருகிறது. அவள் பிள்ளைகள் நாலும் ஏற்கெனவே ஒருத்தர்மேல் ஒருத்தர் கிடக்கிறார்கள், அதற்குள் வயசுக்கு வந்த மகளோடு நாங்கள் எங்கே படுப்பது? "போயி நம்ம காம்பராவுல இருப்போம்" என்றார் வீட்டுக்காரர். இந்தத் தடவை அவர் குரலில் தெம்பு இல்லை.

மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனோம். நான் இஸ்தோப்புத் திண்ணையைத் தாண்டி உள்ளே போக மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். மகளையும் விடவில்லை. பின்பக்கமாகச் சுற்றிப் போய், குசினிக்குள் ஒரு காலை மட்டும் வைத்துக் குச்சியைச் செருகிப் பார்த்தேன். மூன்று குச்சி சேர்ந்து போனது, நாலாவதும் தொட்டுக்கொண்டு நின்றது. தேதியை எழுதினேன். தூறல் பிடித்தது. தகரத்தில் ஒவ்வொரு துளி விழும்போதும் மலையைத் திரும்பிப் பார்த்தேன். மகள், "அம்மா, நீ பாக்கிறதாலயா அது நிக்குது?" என்று கேட்டாள். ஆமாம் என்றுதான் எனக்குத் தோன்றியது.

உச்சிப் பொழுதுக்கு மிஸ் வந்தது. கூடவே இன்ஜினியர், அவர்களுக்கு வழி காட்டிக்கொண்டு நாத்தனார். இன்ஜினியர் குசினிச் சுவருக்குப் போனவர் அங்கேயே நின்றுவிட்டார். வெடிப்புக்குள் ஒரு இரும்பு ஸ்கேலை விட்டார். முக்கால்வாசி போனது. பக்கத்தில் சோக்கட்டியில் வரிசையாக இருந்த தேதிகளைக் காட்டி சிங்களத்தில் என்னமோ கேட்டார்.

"இத யாரு எழுதினதுன்னு கேக்குறாரு," என்றாள் நாத்தனார்.

நான் பயந்துபோய், "அழிச்சிர்றேங்க" என்றேன்.

"அழிக்க வேணாமாம். படம் எடுக்கணுமாம். அஞ்சு காம்பராவுலயும் இந்த மாதிரி ஒருத்தி இருந்திருந்தா நல்லாருந்திருக்கும்னு சொல்றாரு." அவர் அவ்வளவும் சொன்னாரா, இவள் சேர்த்துச் சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டால் சிரிக்கிறாள்.

நீலக் கதவில் சிவப்பு ஏறியது. ஆறு என்று நம்பரும் போட்டார்கள். நான் பழக்க தோஷத்தில் கதவைச் சாத்திப் பூட்டைப் போட்டேன். "யாரு வந்து தூக்கிட்டுப் போகப் போறா?" என்றார் வீட்டுக்காரர். நாத்தனார் கையை நீட்டினாள். "எங்க வூட்டு ரூமுச் சாவியக் குடுத்துட்டுப் போங்க அண்ணி." சாவியைக் கொடுக்கவில்லை. இப்போதும் என்னிடம்தான் இருக்கிறது. இதைச் சொல்லுகிற இன்றைக்கும் நாங்கள் அந்த ஸ்டோரில்தான் இருக்கிறோம், எங்களுக்கென்று ஒரு தடுப்பு, ஒரு அடுப்பு. காணி பார்க்கிறார்களாம். எந்த மலையில் பார்க்கிறார்கள், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன், யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

கதவில் சிவப்புப் போட்ட அன்றைக்கு இஸ்தோப்பில் நின்றபடியே மிஸ் புதுப் போமை நிரப்பியது. நான், "தமிழ்ல எழுதுங்க மிஸ்" என்றேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ. மிஸ் ஒரு நிமிஷம் யோசித்து, பிறகு மெதுவாக, சின்னப் பிள்ளைபோல் ஒவ்வொரு எழுத்தாக எழுதி, கையெழுத்துப் போட என்னிடம் நீட்டியது. இன்ஜினியர் தூறலில் நின்றார். எனக்குப் பின்னால் வீட்டுக்காரர், மகள், நாத்தனார், அவளோடு வேடிக்கை பார்க்க வந்த இன்னும் நாலு பேர். எல்லோரும் பார்க்கப் பார்க்க நான் வாயை அசைத்து எழுத்துக் கூட்டி வாசித்தேன். பேர் சரி. மூன்று பேர், சரி. ஆறாம் இலக்கம், சரி. அடுத்த வரிக்கு வந்ததும் நின்றேன். திரும்ப வாசித்தேன்.

"என்ன அம்மா, பிழையா?" என்றது மிஸ்.

விடு என்று எழுதியிருந்தது. விடு, ஒன்று.

"விடு புள்ள, கையெழுத்தப் போடு, அவங்க நனையிறாங்க" என்றார் வீட்டுக்காரர் பின்னாலிருந்து.

"இருங்க," என்றேன். மிஸ்ஸிடம் தாளைத் திருப்பிக் கொடுத்து, அந்த எழுத்தில் விரலை வைத்தேன். "இங்க மேல ஒரு சுழி போடணுங்க மிஸ். சுழி இல்லாட்டி வேற அர்த்தம்."

மிஸ் கை மணிக்கூட்டைப் பார்த்தது. பார்த்துவிட்டுச் சுழியைப் போட்டது. நான் முதல் வரியிலிருந்து இன்னொரு தடவை வாசித்தேன்.